எழுதுகோலுக்கு மட்டும் பணியாத கை

வவுனியாக் கச்சேரிக்கு அணித்தாய் நின்ற பெரியதொரு மரத்தின் நிழலில், மேசையொன்றும் வாங்கொன்றும் இட்டு அமர்ந்து, ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர் ஒருவரை நாம் சிறு பராயத்தில் அறிந்திருந்தோம். காணிக்கு மனு, வாய்க்கால் தண்ணீருக்கு மனு, யானை மிதித்த வயலுக்கு நட்டஈடு கேட்டு மனு என்று நாள் முழுவதும் அவருடைய பேனா ஓடிக்கொண்டேயிருக்கும். கோத்த முத்துப் போன்ற எழுத்து. அவ்வெழுத்தைக் கண்டே அதிகாரிகள் மனம் இளகுவர் என்று கிராமத்தார் நம்பினர். ஓரளவு அது மெய்யாகவும் இருந்திருக்கலாம்.

ஒரு மாரிகாலத்தில் அந்தக் கை மாறியது. பேனாவைப் பிடித்ததும் பெருவிரல் உள்நோக்கி மடங்கும். மணிக்கட்டு கோழியின் கழுத்துப்போல் வளையும். மூன்றாவது வரிக்குள் பேனாமுனை தாளைக் கிழித்துவிடும். பேனாவைக் கீழே வைத்தாரோ இல்லையோ, கை பழைய கையாகிவிடும்! அதே கை பாக்கு வெட்டியது, மாட்டைக் கட்டியது, கிணற்றில் துலாக்கயிற்றை இழுத்தது. எழுதுவதற்கு மட்டும் இணங்கவில்லை. “பொய் மனு எழுதிய பாவம்” என்றார் சிலர். “வேலைக் கள்ளம்” என்றார் வேறு சிலர். பெரியவர் மனந்தளராது இடக்கையால் எழுதப் பழகினார். ஈராண்டுகள் அக்கை உழைத்தது. பின்னர் அதுவும் முறுக்கிக்கொண்டது.

இக்கதையை நாம் புனைந்துரைப்பதாக வாசகர் கருதக்கூடும். ஆனால், 1713ஆம் ஆண்டிலே, தொழில்களால் விளையும் நோய்களைப் பற்றி நூல் செய்த இத்தாலிய வைத்தியர் பேர்னாடினோ ரமசினி இதனையொத்த ஒருவரை வருணித்திருக்கின்றார். அவர் அறிந்தவர் ஒரு பத்திரம் எழுதுபவர். அவருக்கும் முதலில் வலக்கை சோர்ந்தது. இடக்கையால் எழுதப் பழகினார். சிறிது காலத்தில் அந்த இடக்கையையும் அதே நோய் பற்றியது. கடல் கடந்த நாடு, மூன்று நூற்றாண்டு இடைவெளி. நோயின் போக்கு மட்டும் ஒன்றே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், இலண்டன் நகரின் அரசாங்கக் கந்தோர்களிலே லிகிதர்கள் கூட்டங் கூட்டமாக இருந்து பிரதி எழுதிய காலத்தில், இந்நோய் வைத்தியரின் கவனத்தை நன்கு ஈர்த்தது. இறகுப் பேனா போய் உருக்கு முனைப் பேனா வந்ததே காரணம் என்று பழியை உருக்கின்மேல் போட்டவர்களும் உளர். பின்னர் தந்திக் காரியாலயங்களில் மோர்ஸ் விசையைத் தட்டியவர்களுக்கும் இவ்வாறே கை பிடித்துக்கொண்டது. 1908ஆம் ஆண்டில் தந்தியாளரின் இந்நோய் பிரித்தானியாவில் நட்டஈட்டுக்குரிய தொழில் நோய்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அப்படியிருந்தும், நெடுங்காலமாக இதனை மனநோய் என்று தள்ளியவர்களே மிகுதி. 1982ஆம் ஆண்டில் ஷீஹி, மார்ஸ்டன் என்னும் வைத்தியர் இருவர் இலண்டனில் நோயாளரை நுணுகி ஆராய்ந்து, இது மனத்தின் கோளாறன்று, மூளையின் இயக்கக் கோளாறே என்று வற்புறுத்தி எழுதிய பின்னரே அந்த எண்ணம் தளரத் தொடங்கிற்று. மரத்தடிப் பெரியவர் ‘வேலைக் கள்ளர்’ அல்லர் என்பதற்கு விஞ்ஞானம் தந்த சான்று அது.

வைத்திய உலகம் இதனை ‘டிஸ்டோனியா’ என்னும் தசைமுறுக்கு நோய்களின் இனத்தில் வைத்து எண்ணுகிறது. கழுத்தை முறுக்குவதும் உண்டு. கண்ணிமையை மூடிவிடுவதும் உண்டு. நாம் இங்கே பேசுவது, குறித்த ஒரு தொழிலைச் செய்யும்போது மட்டும் கையைப் பற்றும் வகையை. எழுதுவோர், தையற்காரர், முடி திருத்துவோர் எனச் சிறு அசைவுகளைப் பல்லாயிரம் முறை ஒரேவிதமாகச் செய்யும் எவரையும் இது தீண்டலாம். எனினும் இது மிகக் கொடிய முகத்தைக் காட்டுவது இசைவாணரிடத்திலேதான். இசையைத் தொழிலாகக் கொண்டோரில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இதற்கு ஆளாகின்றனர் என்பது ஆராய்ச்சியாளரின் கணிப்பு.

அமெரிக்கப் பியானோக் கலைஞர் லியோன் பிளெய்ஷரின் வரலாறு இசையுலகு முழுவதும் அறிந்தது. முப்பத்தாறு வயது, புகழின் உச்சி. 1964ஆம் ஆண்டளவில் அவருடைய வலக்கையின் மோதிர விரலும் சிறுவிரலும் உள்ளங்கையை நோக்கிச் சுருளத் தொடங்கின. எத்தனையோ வைத்தியரிடம் சென்றார். நோயின் பெயரைக் கூட எவராலும் கூற இயலவில்லை. அவர் என்ன செய்தார்? இடக்கைக்கென்றே ஆக்கப்பட்ட இசைக் கோவைகள் மேனாட்டில் உண்டு; அவற்றை வாசித்தார். இசைக்குழுக்களை நடத்தினார், மாணாக்கருக்குக் கற்பித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இவ்வாறு சென்ற பின், 1990களில் சிகிச்சை பெற்று, 2004இல் ‘இரு கைகள்’ எனப் பொருள்படும் பெயரோடு இசைத்தட்டொன்றை வெளியிட்டார். 2020ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

பியானோக்காரருக்கு இடக்கை இசையாவது எஞ்சியது. நம் வன்னியில் ஒரு நாதசுரக்காரரை எண்ணிப் பாருங்கள்! வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலன்று நந்திக்கடலோரம் சனத்திரள் நிறைந்திருக்கும் வேளையில், துளையை மூட வேண்டிய விரல் தானே எழும்பி நின்றால் அவர் யாது செய்வார்? தவில்காரரின் வலக்கை விரல்கள் கூடு மாட்டியவை. அவற்றுள் ஒன்று சொற்கேளாது மடங்கினாற் சொற்கட்டு முழுவதும் சிதறிப்போகும். ஒற்றைக் கைத் தவில் என்று ஒன்றில்லை. அடுத்த திருவிழாவுக்கு வேறு கூட்டத்தைப் பேசிவிடுவார்கள். குடும்பத்தின் அடுப்பு எரிவதும் அணைவதும் அந்த ஒரு விரலில் இருக்கின்றது.

மூளையிலே நிகழ்வது யாது? வயற்காரருக்கு இதனை விளக்குதல் எளிது. மூளையின் மேற்பரப்பில் ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வொரு பாத்தி உண்டு. பாத்திகளுக்கிடையே வரம்பு இருப்பதனாலேயே ஒரு விரலை அசைக்கும்போது மற்றொன்று சும்மா இருக்கின்றது. இந்நோயுற்ற இசைவாணர் சிலரின் மூளையை ஆராய்ந்தபோது, விரல்களுக்குரிய பாத்திகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கலந்திருக்கக் கண்டனர். வரம்பு கரைந்த வயலில் ஒருவர் பாய்ச்சிய நீர் அடுத்தவர் பயிருக்கும் போய்விடுவதுபோல, ஒரு விரலுக்கு இட்ட கட்டளை அயல் விரலையும் சேர்த்து இழுக்கின்றது. இதற்கு மேலும் ஒன்றுண்டு. மூளையின் அடியாழத்தில், வேண்டாத அசைவுகளை அடக்கி வைக்கும் நரம்புக் கணுக்கள் இருக்கின்றன. அவற்றின் செய்தியை மேல்மூளைக்கு அனுப்பும் மதகு போன்றது ‘தலமஸ்’ என்னும் உறுப்பு. அடக்கும் ஆற்றல் குன்றினால், அம்மதகின் வழியே முறையற்ற கட்டளைகள் வெள்ளமாய்ப் பாய்கின்றன. எல்லா லிகிதருக்கும் வராமல் ஒருவருக்கு மட்டும் வருவது ஏனென்றால், பிறவியிலேயே அமைந்த ஒரு நலிவும் மிகையான பழக்கமும் சேரும்போது இது தோன்றுகின்றது என்று அறிஞர் கருதுகின்றனர்.

சிகிச்சை முறைகளைப் பொறுத்தவரை, முதலாவது பயிற்சி. பேனாவின் தடிப்பை மாற்றுதல், பிடிக்கும் விதத்தை மாற்றுதல், விரல்களுக்கு மெல்ல மெல்லப் புதிதாய்க் கற்பித்தல் என இது பொறுமையை வேண்டி நிற்கும். அடுத்தது ‘பொட்டுலினம்’ என்னும் நஞ்சை மிக நுண்ணிய அளவில் முறுக்கும் தசைக்குள் ஊசியால் ஏற்றுதல். பிளெய்ஷருக்குப் பெரிதும் உதவியது இதுவே. ஆயினும் அதன் வலு ஏறக்குறைய மூன்று மாதத்தில் தேய்ந்துவிடும். மீண்டும் மீண்டும் போட்டாக வேண்டும். தசையைத் தளர்த்தும் மருந்தாதலின் விரலின் வேகமும் சற்றுக் குன்றும். கடிதம் எழுதுபவர் இதனைப் பொறுத்துக்கொள்வார். கற்பனாசுரம் வாசிப்பவர் பொறுப்பாரா?

இவை பயன்படாத இடத்தில்தான் மூளையையே அணுகும் துணிவு பிறந்தது. 2017ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பெங்களூரில் நடந்த நிகழ்ச்சி பலருக்கு நினைவிருக்கும். பகவான் மகாவீர் ஜெயின் வைத்தியசாலையில், சத்திரசிகிச்சை மேசையில், மண்டையோட்டில் சிறு துளையிடப்பட்ட நிலையில், முப்பத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் கித்தார் வாசித்துக்கொண்டிருந்தார்! அவருடைய இடக்கை விரல்கள் கித்தாரைத் தொட்டதும் மடங்கிக்கொள்ளும் நோயால் பீடிக்கப்பட்டிருந்தன. டாக்டர் சரண் சீனிவாசன் மெல்லிய மின்முனையொன்றைத் தலமசின் உரிய இடம்வரை செலுத்தி, அங்கே வெப்பத்தால் சிறிது சிறிதாகச் சுட்டார். ஏறத்தாழ ஏழு மணி நேரம் அச்சிகிச்சை நீடித்தது. ஒவ்வொரு முறை சுட்டபின்பும் இளைஞர் தந்தியை மீட்டிக் காட்டினார். ஆறாவது முறையில் விரல்கள் விரிந்தன. நோயாளி விழித்திருந்து வாசிக்க வேண்டியது கட்டாயம். வாசிக்கும்போது மட்டுமே தோன்றும் நோய் போய்விட்டதா என்பதை வாசித்துத்தானே அறிய முடியும்!

இம்முறையை இந்நோய்க்கென வளர்த்தெடுத்தவர்கள் யப்பானியர். டோக்கியோப் பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தக்காவோமி தைராவும் ஷிரோ ஹொரிசாவாவும் அவர்தம் குழுவினரும், இவ்வாறு சிகிச்சை பெற்ற 171 பேரின் நிலையைத் தொகுத்து 2019இல் வெளியிட்டனர். பெரும்பாலார் பல ஆண்டுகள் நலமுற்றிருந்தனர். சிலருக்கு நோய் திரும்பிற்று. அக்குழுவினரே அடுத்த கேள்வியையும் கேட்டனர்: மண்டையோட்டைத் துளையாமல் இதனைச் செய்ய இயலாதா?

அதற்குக் கிடைத்த விடை, ஒலி. நம் செவி கேட்பது செக்கனுக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுவரை மட்டுமே. இச்சிகிச்சையில் பயன்படும் ஒலி செக்கனுக்கு 6,50,000 அளவில் அதிர்வது. சிறுவர்கள் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துச் சருகை எரிப்பதை நாம் பார்த்திருக்கின்றோம். கண்ணாடி சுடுவதில்லை, கதிர்கள் ஒன்றுகூடும் புள்ளிதான் சுடுகின்றது. அதுபோல, தலைக்குக் கவிக்கும் ஒரு பெரிய சட்டி போன்ற கருவியின் உட்புறத்தில் 1,024 ஒலிமுனைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் வரும் ஒலி மூளைக்குத் தீங்கு செய்யாது கடந்து செல்லும். அனைத்தும் கூடும் இடத்தில், சில மில்லிமீற்றர் அளவான ஓரிடத்தில் மட்டும், வெப்பம் உண்டாகும்.

ஒலியால் மூளையைத் தொடும் எண்ணம் நேற்றுப் பிறந்ததன்று. 1950களிலேயே அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் பிரை என்பவர் அதனை முயன்றார். அயோவாவில் ரசல் மேயர்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணருடன் சேர்ந்து பார்க்கின்சன் நோயாளருக்கும் செய்து பார்த்தார். ஆனால் எலும்பு ஒலியைச் சிதறடிக்கும். ஆதலால் அக்காலத்தில் மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றிய பின்னரே ஒலியைச் செலுத்த வேண்டியிருந்தது. கத்தியைத் தவிர்க்க வந்த முறைக்கே கத்தி தேவைப்பட்டால் எவர் அதனை விரும்புவர்? எலும்பின் தடிப்பை ஊடுகதிர்ப் படத்தால் அளந்து, கணினியின் உதவியுடன் ஒவ்வோர் ஒலிமுனையையும் அதற்கேற்பத் திருத்தி அனுப்பும் நுட்பம் வந்த பின்னரே கதவு திறந்தது. கைநடுக்க நோய்க்கு இச்சிகிச்சையை 2016இல் அமெரிக்க அரசு அங்கீகரித்தது.

சிகிச்சை நாளில் நோயாளியின் தலை முழுவதும் மழிக்கப்படும். மரப்பு மருந்து ஏற்றி, தலை அசையாதிருக்க உலோகச் சட்டமொன்று திருகப்படும். தலைக்கும் கருவிக்கும் இடையே குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும், தோல் சூடேறாதிருப்பதற்காக. பின்னர் எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படக்கருவியின் குகைக்குள் அவரைப் படுக்கவைப்பர். அக்கருவி மூளையின் படத்தை மட்டுமன்றி, உள்ளே ஏறும் வெப்பத்தையும் கணத்துக்குக் கணம் காட்டவல்லது. முதலில் இளஞ்சூடு. இடம் சரிதானா என்று பார்ப்பதற்கு. நோயாளியை எழுதச் சொல்வார்கள், பேசச் சொல்வார்கள். வாய் குழறினாலோ விரல் மரத்தாலோ இடத்தைச் சற்று மாற்றுவார்கள். எல்லாம் ஒத்துவந்த பின்னரே வெப்பத்தை 55 முதல் 60 பாகை செல்சியசு வரை ஏற்றி அந்தச் சிறுபுள்ளியை நிரந்தரமாக அவிப்பார்கள். முறைகெட்டுப் பாயும் வாய்க்காலை மண்போட்டு அடைப்பதை ஒத்த செயல் இது. அவ்வேளையில் தலைவலி, தலைசுற்று, ஓங்காளம் உண்டாகலாம்.

டோக்கியோக் குழுவினர் முதலில் இசைவாணர் ஒருவருக்கு இவ்வாறு செய்து கண்ட பயனை வெளியிட்டனர். பின்பு கைத்தசைமுறுக்குக் கொண்ட பத்துப் பேருக்குச் செய்து, 2021இல் அறிக்கை தந்தனர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் நோய்க்குறிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. நல்ல செய்திதான். ஆனால் பத்துப் பேர் என்பது ஒரு கிராமத்துத் திண்ணை கொள்ளும் தொகை என்பதை நாம் மறத்தல் ஆகாது. கைநடுக்கத்துக்கு இம்முறை நன்கு வேரூன்றிவிட்டது; கைத்தசைமுறுக்குக்கோ ஆராய்ச்சிப் பருவத்தையே இன்னும் கடந்துகொண்டிருக்கின்றது. அவித்த இடத்தை மீண்டும் உயிர்ப்பிக்க எவராலும் இயலாது. பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம், உதடு அல்லது விரலில் மரப்பு ஆகியன சிலருக்கு வரும். பெரும்பாலும் நாட்பட மறையும், ஒரு சிலருக்கு நிலைத்துவிடும். சிலரது மண்டையெலும்பு ஒலியை உட்புக விடாத இயல்பினது. அவர்களுக்கு இச்சிகிச்சை பொருந்தாது. கத்தி வைக்காத சிகிச்சை என்று விளம்பரங்களில் வாசிக்கும்போது, கத்தி இல்லையாயினும் காயம் உண்டு என்பதை வாசகர் நினைவிற் கொள்வார்களாக.

தமிழ்நாட்டில், கோயம்புத்தூர் றோயல் கெயர் வைத்தியசாலையில் இக்கருவி நிறுவப்பட்டு, நடுக்க நோயாளர் சிகிச்சை பெற்று வருகின்றனர். கடல் கடந்து செல்லும் வசதி படைத்தோர் வன்னியில் எத்தனை பேர் என்பது வேறு வினா.

வசதியே கிட்டினும், வன்னியில் வாழ்வோரைப் பெரிதும் பாதிக்கும் ஒரு தடை உண்டு. அதனை மேனாட்டு நூல்கள் இரண்டொரு வரியிற் கூறிச் சென்றுவிடும். நமக்கோ அது முதல் வரியாக நிற்க வேண்டியது. 2009ஆம் ஆண்டுவரை நீடித்த போரில் எறிகணைச் சிதறல்கள் உடம்பினுள் தங்கிவிட, அவற்றோடு உயிர்வாழ்வோர் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் மிகப் பலர். தோளில் ஒன்று, தொடையில் இரண்டு என்று சாதாரணமாகச் சொல்லுவார்கள். சிலருக்குத் தலையிலும் உண்டு. எம்.ஆர்.ஐ. என்பது பேராற்றல் வாய்ந்த காந்தம். இரும்புச் சிதறல் அதன் அருகே நகரக்கூடும், சூடேறவும் கூடும். கண், மூளை, முதுகுத்தண்டு, பெருங்குருதிக் குழாய் ஆகியவற்றின் அயலிலே அது கிடந்தால் விளைவு விபரீதம். ஒலிச் சிகிச்சையிலோ சில மணி நேரம் அக்காந்தத்தினுள் கிடக்க வேண்டும். தலைத்தோலில் ஆழ்ந்த வடு இருப்பினும் ஒலியின் பாதையில் இடர் நேரலாம்.

ஆகையால், எந்த நோய்க்காக எம்.ஆர்.ஐ. எடுக்கச் சென்றாலும், உடம்பில் இருப்பதை ஒளியாது உரைக்க வேண்டும். சிலர் அச்சத்தால் மறைக்கின்றனர். வேறு சிலர் மறந்தே போயினர். அக்காலத்தில் குழந்தையாயிருந்தவர்களுக்குத் தாய்தான் சொல்லக்கூடும். முன்கூட்டியே ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தால் சிதறல் எங்கே இருக்கின்றது என்பது தெரியும். எல்லாச் சிதறலும் இரும்பாலானவையல்ல. இருக்கும் இடத்தையும் உலோகத்தின் தன்மையையும் கருதி வைத்தியரே தீர்மானிப்பார். சிதறல் காரணமாகக் காந்தத்தினுள் புக இயலாதவருக்குப் பயிற்சியும் ஊசியும் தடையின்றிக் கிடைக்கக்கூடியவை என்பதையும் சொல்லிவைக்கின்றோம்.

எழுத வராத கையெல்லாம் இந்நோயே என்றும் எண்ணிவிடலாகாது. எழுத்து நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போனால் அது பார்க்கின்சன் நோயின் அறிகுறியாகலாம். விரல் விறைத்து இரவில் எரிவு கண்டால் மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருக்கலாம். திடீரென்று கை விழுந்தால் பாரிசவாதம். அதற்கு ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மனநோய்க்கும் வாந்திக்கும் கொடுக்கும் மருந்துகள் சில கூடத் தசைமுறுக்கை உண்டாக்குவன. இளவயதினருக்கு முறுக்குத் தோன்றினால், உடலிற் செம்பு மிகுந்து தேங்கும் ‘வில்சன்’ நோயா என்று குருதியையும் சிறுநீரையும் பார்ப்பது மிக அவசியம். வேளையோடு கண்டுகொண்டால் மருந்தினால் அடக்கக்கூடிய நோய் அது. விட்டுவிட்டால் ஈரலையும் மூளையையும் அழித்துவிடும்.

நரம்பியல் வைத்தியரைக் காண நம்மவர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ போகின்றனர். விடியுமுன் பஸ் ஏறி, வரிசையில் நின்று, உள்ளே சென்றால் வைத்தியருக்குக் கிடைப்பது சில நிமிடம். ஆகவே ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுதல் நன்று. எழுதுபவர் தம் பேனாவையும் தாளையும், தையற்காரர் ஊசியையும் துணியையும், நாதசுரக்காரர் நாதசுரத்தையே! இயலாவிடின், வேலை செய்யும்போது கை படும் பாட்டைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்துச் செல்லலாம்.

மரத்தடிப் பெரியவரும் ஒருமுறை பெரிய வைத்தியசாலையொன்றுக்குப் போனவர்தாம். எந்த ஊர், எந்த வைத்தியர் என்பது இப்போது வேண்டாம். கையை நீட்டச் சொன்னார்கள்; நீட்டினார். பொத்தி விரிக்கச் சொன்னார்கள், விரித்தார். வைத்தியரின் விரலை இறுகப் பிடிக்கச் சொன்னார்கள். அவர் பிடித்த பிடியில் வைத்தியரே முகஞ்சுழித்தாராம். ஒரு குறையுமில்லை, போகலாம் என்று துண்டில் எழுதிக் கொடுத்தார்கள். துண்டு எழுதிய பேனா மேசைமேல் கிடந்தது. அதைப் பெரியவர் கையில் கொடுத்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.